அப்பாவுக்கு ஓர் அச்சு அட்டை



மே மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம். ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். இரண்டிற்கும் இடையே ஐந்தாறு வாரங்களே உள்ளன. ஆனால், வாழ்த்து அட்டை செய்யும் வகுப்பில் இவ்விரு நாள்களுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. அம்மாவுக்கு அட்டை செய்யச் சொன்னால் மாணவர்களின் கை உடனே ஓடுகிறது. ரோஜாப்பூ, இதயம், வண்ணத்துப்பூச்சி எனப் பத்து நிமிடத்தில் தாள் நிறைந்துவிடுகிறது. அப்பாவுக்கு என்றால் பென்சில் நின்றுவிடுகிறது. “டீச்சர், அப்பாவுக்கு என்ன வரைவது?” என்ற கேள்வி ஆண்டுதோறும் தவறாமல் எழுகிறது.

அக்கேள்விக்குக் காரணம் ஓவியத் திறன் குறைவு என்றே முதலில் தோன்றும். சற்று உற்றுக் கவனித்தால், தந்தையைப் பற்றி என்ன சொல்வது என்பதே பிள்ளைக்குத் தெரியவில்லை என்பது புலப்படும். விடியற்காலையில் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் ஒருவரைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆண்களுக்கான அட்டையைக் கையால் அச்சுப் பதித்துச் செய்யும் முறையைப் பல ஆண்டுகளாக என் வகுப்பில் கையாண்டு வருகிறேன். அது இந்தக் கேள்விக்கு விடை காண உதவுகிறது என்பதே என் அனுபவம். அதனை இங்குப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கடை அட்டையில் இல்லாத அப்பா

புத்தகக் கடைக்குச் சென்று ஆண்களுக்கென விற்கப்படும் வாழ்த்து அட்டைகளைப் பாருங்கள். கழுத்துப்பட்டை, மீசை, கோல்ஃப் மட்டை, தூண்டில், பழைய காலத்துக் கார் ஆகியவையே திரும்பத் திரும்ப வரும். நம் மாணவர்களின் தந்தையரில் கழுத்துப்பட்டை அணிந்து வேலைக்குச் செல்பவர் எத்தனை பேர்? லாரி ஓட்டுநர், தொழிற்சாலை ஊழியர், பாதுகாவலர், செம்பனைத் தோட்டத் தொழிலாளி, கார் பட்டறைக்காரர், உணவகச் சமையற்காரர், அலுவலக எழுத்தர் என அவர்களின் வரிசை வேறு. அவர்களுள் கோல்ஃப் ஆடுபவர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கடை அட்டையைப் பார்த்து வரையும் பிள்ளை வேறு யாரோ ஒருவருடைய அப்பாவை வரைகிறது.

தந்தையர் தினம் தோன்றிய வரலாற்றை மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஸ்போகேன் நகரில் 1910ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அது கொண்டாடப்பட்டது. அதற்கு முயன்றவர் சொனோரா ஸ்மார்ட் டாட் என்னும் பெண்மணி. தாயார் இறந்த பிறகு, அவரையும் அவருடைய ஐந்து தம்பியரையும் தனியொருவராக வளர்த்தவர் அவருடைய தந்தை. அமெரிக்காவில் அன்னையர் தினத்திற்கு 1914லேயே அதிபரின் அறிவிப்புக் கிடைத்துவிட்டது. தந்தையர் தினம் சட்டமானது 1972இல்தான். அப்பாக்கள் 58 ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்கள்! இதைக் கேட்டு மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால், தன் அப்பா செய்ததைக் கண்ணால் கண்ட ஒரு மகளிடமிருந்தே இந்நாள் பிறந்தது என்பதை அவர்கள் மனத்தில் பதிய வைப்பதே என் நோக்கம்.

ஏன் அச்சு?

வரைதல், ஒட்டுதல், வெட்டுதல் எனப் பல வழிகள் இருக்க, அச்சுப் பதித்தலை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, வரையத் தெரியாத பிள்ளையும் இதில் தோற்பதில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து அழுத்தினால் ஐந்து மூலைப் பூ தானாக வருகிறது. யார் அழுத்தினாலும் வருகிறது.

இரண்டாவது, அச்சு என்பது ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வது. அப்பாக்களின் உழைப்பும் அத்தகையதே. ஒரே வடிவத்தை இருபது முறை சீராகப் பதிக்கும் மாணவன், இரண்டாவது வரிசையிலேயே கை வலிக்கிறது என்கிறான். “உன் அப்பா ஒரு நாளில் எத்தனை முறை கியர் மாற்றுவார்?” என்று கேட்டால் சற்றே யோசிக்கிறான்.

மூன்றாவது, ஆண் பிள்ளைகளின் ஆர்வம். ‘கலைக்கல்வி பெண் பிள்ளைகளுக்கானது’ என்று ஒதுங்கும் பையன்கள்கூட, அழிப்பானைச் செதுக்கி முத்திரை செய்யலாம் என்றதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னே வருகிறார்கள். கையில் ஒரு கருவி கிடைத்தால் அவர்களின் கவனம் கூர்மையாகிவிடுகிறது.

பாட நேரம் வீணாகிறதே என்று சில பெற்றோர் கவலைப்படலாம். 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆறாம் ஆண்டில் கலைக்கல்வி நேரத்தைக் கணிதத்திற்குக் கடன் கொடுக்கும் கட்டாயம் இப்போது இல்லை. மேலும், இந்நடவடிக்கையில் மொழிப்பாடமும் கணிதமும் அறிவியலும் அடங்கியுள்ளன என்பதைக் கீழே காண்பீர்கள்.

ரப்பரும் நாமும்

முத்திரை செய்ய நாம் பயன்படுத்தும் அழிப்பானுக்கும் நம் சமுதாயத்திற்கும் ஓர் உறவு உண்டு. பென்சில் கோடுகளை அழிக்க இப்பொருள் உதவும் என்பதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறிப்பிட்டார். தேய்த்து அழிப்பதால்தான் ஆங்கிலத்தில் அதற்கு ‘ரப்பர்’ என்ற பெயரே வந்தது. 1839இல் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடேற்றினால் ரப்பர் வெயிலில் உருகாமலும் குளிரில் உடையாமலும் இருக்கும் எனக் கண்டறிந்தார். அலுவலகங்களில் நாம் ‘சாப்’ என்று சொல்லும் ரப்பர் முத்திரைகள் அதன் பிறகே சாத்தியமாயின.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டப் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன் பின்னர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் பால் வெட்டுவதற்காகக் கப்பலேறி வந்தவர்கள் நம் முன்னோர்கள்.

இன்று கடையில் விற்கும் அழிப்பான்களில் பல மரத்துப் பாலால் ஆனவை அல்ல. அவை நெகிழி வகையைச் சேர்ந்தவை. ஆயினும் ‘ரப்பர்’ என்ற பெயர் மட்டும் அவற்றை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செதுக்குவதற்கும் அந்த நெகிழி வகையே மென்மையாக இருக்கும்.

செய்முறை

ஆசிரியர்கள் உடனே செய்து பார்க்க வசதியாகச் செய்முறையைச் சுருக்கமாகத் தருகிறேன்.

தாள்: நாம் நகலெடுக்கப் பயன்படுத்தும் 80 கிராம் தாள் ஈரத்தில் நெளிந்துவிடும். 160 கிராமுக்குக் குறையாத தடித்த தாள் வேண்டும். மணிலா அட்டையும் பொருந்தும். மடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கோலை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் விளிம்பு நேராக அமையும்.

வண்ணத்திண்டு: பாத்திரம் கழுவும் புதிய பஞ்சை ஒரு மூடியில் வைத்து, கெட்டியான போஸ்டர் வண்ணத்தை அதன்மீது பரப்புங்கள். அச்சை அதில் மெல்லத் தட்டி எடுத்தால் போதும். வண்ணம் அதிகமானால் அச்சு வழுக்கிக் கறையாகும்.

செதுக்குதல்: ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் மட்டுமே அழிப்பானைச் செதுக்கலாம். ஒரு நேரத்தில் நால்வருக்கு மேல் கத்தியைக் கையில் கொடுக்காதீர்கள். அழிப்பானைப் பிடித்திருக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழமே போதுமானது. சிறிய வகுப்பு மாணவர்கள் ஃபோம் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பாட்டில் மூடியின்மீது ஒட்டி அச்சாகப் பயன்படுத்தலாம். காய்கறிகளை ஆசிரியரே முன்கூட்டி வெட்டி, தாளால் ஈரத்தை ஒற்றி எடுத்துத் தருவது நல்லது.

பதித்தல்: அட்டையின் அடியில் மடித்த நாளிதழை வையுங்கள். அச்சை நேராக வைத்து, அசைக்காமல் அழுத்தி, மூன்று எண்ணி, நேராகவே தூக்க வேண்டும். முதல் ஐந்து அச்சுகள் பழைய நாளிதழில்தான்! நம் நாட்டு ஈரக்காற்றில் வண்ணம் மெதுவாகவே காயும். ஆதலால், அட்டையை ஓர் இரவு முழுவதும் திறந்தே வைத்திருங்கள்.

இடவலம் மாறும் என்பதை மறவாதீர்கள். அழிப்பானில் உள்ளது தாளில் கண்ணாடிப் பிம்பமாக விழும். இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. மெல்லிய ஒளி ஊடுருவும் தாளில் 2பி பென்சிலால் நேராக வரைந்து, வரைந்த பக்கத்தை அழிப்பான்மீது கவிழ்த்து, நகத்தால் தேய்க்க வேண்டும். உருவம் தானே இடவலம் மாறி அழிப்பானில் ஒட்டிக்கொள்ளும். அதன்படி செதுக்கினால் தாளில் சரியாக விழும்.

தாத்தா கண்டுபிடித்த பிழை

இந்த இடவலம் பற்றி ஒரு செய்தி. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, முன்பு தோட்டத்தில் பால் வெட்டிய தன் தாத்தாவுக்கு அட்டை செய்தாள். மரத்தின் தண்டு, அதில் ஒரு சாய்ந்த வெட்டு, வெட்டின் முடிவில் பால் வடியும் மங்கு. மிக எளிய வடிவம். படி எடுக்காமல் அழிப்பானில் நேரடியாகவே வரைந்து செதுக்கி, ஒரு தாளில் பதித்து, வீட்டிற்குக் கொண்டு சென்று காட்டியிருக்கிறாள்.

தாத்தா பார்த்தவுடனே, “யாரும்மா இந்த மரத்த வெட்டுனது? வெட்டு இடப்பக்கம் மேல இருந்து வலப்பக்கம் கீழ இறங்கணும். இது மாறிப் போச்சே!” என்றாராம். பள்ளிக்கூடத்தையே அதிகம் பார்த்திராதவர் அவர். அச்சுக்கலையின் முதல் பாடத்தை ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். ஏன் அப்படி வெட்ட வேண்டும் என்று பேத்தி கேட்டிருக்கிறாள். “கங்காணி அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு” என்பதே பதில். அதன் பிறகு, விடிவதற்கு முன்பே நிரைக்குப் போனது, மழை பெய்தால் வேலை நின்றது, பட்டைக்குள் கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் திட்டு வாங்கியது என அன்று இரவு வெகுநேரம் பேசியிருக்கிறார். ஒரே வீட்டில் பத்தாண்டுகளாக வாழ்ந்தும் அவள் கேட்டிராத கதைகள் அவை.

மறுநாள் அறிவியல் காரணத்தை வகுப்பில் விளக்கினேன். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து செல்கின்றன. இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ வெட்டினால் அதிகமான குழாய்கள் அறுபடும். பாலும் அதிகம் கிடைக்கும். பட்டைக்கு உட்புறம் உள்ள வளர்படலத்தைக் கத்தி தொட்டால் அவ்விடத்தில் புதுப்பட்டை சரியாக வளராது. அதனால்தான் ஆழத்தைப் பற்றி அத்தனை கண்டிப்பு. அம்மாணவி வேறோர் அழிப்பானை எடுத்து மீண்டும் செதுக்கினாள். இம்முறை ஆழத்தையும் கவனித்துச் செதுக்கியதைக் கண்டேன்.

வரைபடமாக இருந்திருந்தால் அவள் சரியாகவே வரைந்திருப்பாள். தாத்தாவும் “நல்லா இருக்கு” என்று சொல்லி முடித்திருப்பார்.

ஆறு அச்சுகளில் உறவுகள்

அட்டையின் முகப்பில் பெயரையும் அச்சாகவே பதிக்கலாம். அதற்கு நிறைய எழுத்துகளைச் செதுக்க வேண்டுமே என்று அஞ்ச வேண்டா. அ, த, ப, ம, ண ஆகிய ஐந்து எழுத்துகளும் ஒரு துணைக்காலும் போதும். புள்ளிக்குப் பென்சிலின் பின்முனையைத் தோய்த்து வைத்துவிடலாம். இந்த ஆறு அச்சுகளைக் கொண்டு அப்பா, தாத்தா, மாமா, அண்ணா ஆகிய நால்வருக்கும் அட்டை தயார். ‘சி’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் சித்தப்பாவும் வந்துவிடுவார். அம்மாவும் இவற்றுள்ளேயே அடங்கியிருக்கிறார்!

இதன் மொழிப்பயனை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களில் சிலர் ‘அப்பா’ என்பதை ‘அபா’ என்று எழுதுவதைக் கண்டிருப்பீர்கள். ஆசிரியர் செதுக்கித் தந்த ப என்னும் ஒரே அச்சை இரண்டு முறை பதித்து, முதலாவதற்குப் புள்ளி வைத்து, இரண்டாவதற்குத் துணைக்கால் இட்டு அச்சொல்லைக் கட்டும் பிள்ளை, மெய்யும் உயிர்மெய்யும் எவ்வாறு அமைகின்றன என்பதைக் கைவழியே கற்றுக்கொள்கிறது. பலமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டியும் பதியாதது, ஒரு முறை பதித்ததும் பதிந்துவிடுகிறது.

அப்பாவின் நாளில் கிடைக்கும் வடிவங்கள்

இனி, ‘என்ன வரைவது?’ என்ற கேள்விக்கு வருவோம். அட்டை செய்வதற்கு ஒரு வாரத்திற்கு முன்பே மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். அப்பாவிடம் எதையும் கேட்கக்கூடாது. மூன்று நாள் பார்க்க வேண்டும். அவர் கையில் எடுக்கும் பொருள்கள், உடுத்தும் உடை, வீடு திரும்பியதும் முதலில் செய்யும் செயல் ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். அக்குறிப்பிலிருந்து ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில எடுத்துக்காட்டுகள்:

லாரி ஓட்டும் அப்பாவுக்கு: விளையாட்டுக் காரின் சக்கரத்தை வண்ணத்தில் உருட்டி அட்டையின் குறுக்கே ஓட்டினால் டயர்த் தடம் விழும். அட்டையைத் திறந்தால் தடம் உள்பக்கம்வரை நீண்டு வீட்டு வாசலில் முடியலாம்.

பட்டறையில் வேலை செய்யும் அப்பாவுக்கு: நட்டைத் தோய்த்துப் பதித்தால் நடுவில் துளையுள்ள அறுகோணம் கிடைக்கும். கண்ணாடிப் பாட்டிலின் தகர மூடியில் 21 பற்கள் உள்ளன; கவிழ்த்துப் பதித்தால் பற்சக்கரம் போல் இருக்கும். பற்களை எண்ணச் சொன்னால் கணிதமும் ஆயிற்று.

செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் அப்பாவுக்கு: ஓலையின் ஓர் இலைத்துண்டை வண்ணம் பூசிப் பதிக்கலாம். நரம்புகள் இணைகோடுகளாக விழும். ரப்பர் இலையும் கிடைத்தால் நல்லது; ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருப்பது அதன் அடையாளம்.

வீட்டில் கைலி கட்டும் அப்பாவுக்கு: தடித்த அட்டைத் துண்டின் விளிம்பை வண்ணத்தில் தோய்த்து நேர்க்கோடுகளாகப் பதித்து, பிறகு குறுக்குக் கோடுகளைப் பதித்தால் கைலியின் கட்டம் வந்துவிடும். அகலமான விளிம்பு ஒன்று, மெல்லிய விளிம்பு ஒன்று என இரண்டு இருந்தால் துணியைப் போலவே இருக்கும். மாணவர்கள் மிகவும் விரும்புவது இதுவே. “டீச்சர், இது எங்க அப்பாதான்!” என்று ஒரு வெறும் கட்டத்தைக் காட்டிச் சொல்கிறார்கள்.

வேட்டி கட்டும் தாத்தாவுக்கு: வெள்ளை அட்டையை அப்படியே விட்டு, ஓர் ஓரத்தில் மட்டும் மெல்லிய கரையைப் பதித்தால் போதும். வேறு எதுவும் வேண்டா.

வண்ணத்தைப் பொறுத்தவரை, ஆண்களுக்கு நீலம் என்ற விதி எதுவும் இல்லை. இரண்டு வண்ணங்களுக்கு மேல் போகாமல் இருந்தால் அச்சு தெளிவாகத் தெரியும். ஒரு மாணவனின் அப்பாவுக்குப் பிடித்த நிறம் இளஞ்சிவப்பு என்று தெரிய வந்தது. இளஞ்சிவப்பு நட்டுகள் மிக அழகாகவே இருந்தன.

அப்பா அருகில் இல்லாத பிள்ளை

எந்த வகுப்பிலும் அப்பாவை இழந்த பிள்ளையோ, அப்பாவைப் பிரிந்து வாழும் பிள்ளையோ இருக்கக்கூடும். ஆகவே, இந்நடவடிக்கையின்போது ‘தந்தையர் தின அட்டை’ என்று நான் பலகையில் எழுதுவதில்லை. ‘என்னைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆண்மகனுக்கு’ என்று எழுதுகிறேன். அப்பா உள்ள பிள்ளை அப்பாவைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றவர்கள் தேடுகிறார்கள். அத்தேடலை அவசரப்படுத்தக்கூடாது.

நான்காம் ஆண்டில் இருந்த ஒரு சிறுவன் இரண்டு நாளாகத் தாளைத் தொடவில்லை. மூன்றாம் நாள், தன் பெருவிரலை வண்ணத்தில் தோய்த்து இரண்டு இரண்டாகப் பதிக்கத் தொடங்கினான். மொத்தம் பதினான்கு விரல் அச்சுகள். சுற்றிலும் அட்டை விளிம்பால் ஒரு பெட்டி. கீழே பாட்டில் மூடியால் இரண்டு சக்கரங்கள். அவன் தினமும் ஏறிவரும் பள்ளி வேன் அது. பதினான்கு பேர் அதில் வரும் பிள்ளைகள். உள்ளே ஒரே வரி எழுதியிருந்தான்: “வேன் அங்கிள், நீங்கள் ஒரு நாள்கூட என்னை விட்டுவிட்டுப் போனதில்லை.”

சில நாள் கழித்து, வேன் அங்கிள் என்ன சொன்னார் என்று அவனிடம் கேட்டேன். “ஒண்ணும் சொல்லல டீச்சர். மறுநாள் முன்சீட்டுல உட்காரச் சொன்னாரு” என்றான்.

பெருவிரல் அச்சைப் பற்றி ஒரு சொல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் ‘கைநாட்டு’ என்று இழிவாகப் பேசிய காலம் ஒன்று உண்டு. நம் பாட்டன் பூட்டனில் பலர் தாளில் விட்டுச் சென்ற ஒரே அடையாளம் அதுதான். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை தன் விருப்பத்தோடு அதே விரலை அட்டையில் பதிப்பதைப் பார்க்கும்போது, அச்சொல்லில் இருந்த இழிவு சற்றே கழுவப்படுவதாக எனக்குத் தோன்றும்.

உள்ளே எழுத வேண்டியது

‘உலகிலேயே சிறந்த அப்பா’ என்ற வாசகத்தை என் வகுப்பில் தடை செய்துவிட்டேன்! அது எந்த அப்பாவுக்கும் பொருந்தும். ஆகவே, எந்த அப்பாவையும் தொடாது. மாறாக, மூன்று வாக்கியங்கள் எழுத வேண்டும். முதலாவது, அவர் செய்யக் கண்ட ஒரு செயல். இரண்டாவது, அவரிடமிருந்து தான் கற்றுக்கொண்ட ஒன்று. மூன்றாவது, அவருக்கான ஒரு வாழ்த்து. ‘நீங்கள் இரவு வேலை முடித்து வந்து, சத்தம் கேட்காமல் கேட்டைத் திறப்பதை நான் கேட்டிருக்கிறேன்’ என்று ஒரு மாணவி எழுதினாள். எந்தக் கடையிலும் இவ்வாக்கியம் விலைக்குக் கிடைக்காது.

திருவள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்யும் நன்மையை ஒரு குறளிலும், மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறை மற்றொரு குறளிலும் கூறுகிறார். அக்கைம்மாறாக அவர் காட்டுவது பொன்னோ பொருளோ அன்று. ஊரார் வியந்து கூறும் ஒரு சொல். ஊரார் சொல்லும் காலம் வரும்போது வரட்டும். பிள்ளை தன் சொல்லை இன்றே எழுதித் தரலாம் அல்லவா?

அட்டையின் அளவு

பெண்கள் அட்டையை அலமாரியில் நிறுத்தி வைப்பார்கள். வருவோர் போவோருக்குக் காட்டுவார்கள். ஆண்களில் பலர் அவ்வாறு செய்வதில்லை. வெட்கம் ஒரு காரணம். வைப்பதற்கென்று அவர்களுக்கு வீட்டில் ஓர் இடம் இல்லாதது மற்றொரு காரணம். அவர்களின் இடம் சட்டைப்பை, பணப்பை, லாரியின் முன்கண்ணாடி ஆகியவையே. ஆகவே, ஆண்களுக்கான அட்டையைச் சிறியதாகச் செய்யுங்கள். ஏ4 தாளை நான்காக வெட்டினால் நான்கு ஏ6 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்தால் 74 மில்லிமீட்டர் அகலமும் 105 மில்லிமீட்டர் உயரமும் உள்ள அட்டையாகும். சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு அது. ஒரு தாளில் நான்கு மாணவர்களுக்கு அட்டை என்பதால் செலவும் குறைவு.

இந்த அளவின் பயனை ஒரு பெற்றோர் சந்திப்பில் கண்டேன். படிவம் நிரப்ப அடையாள அட்டையை எடுப்பதற்காகத் தந்தை ஒருவர் பணப்பையைத் திறந்தார். மூலைகள் தேய்ந்து, இன்னும் ஒருமுறை மடிக்கப்பட்ட ஒரு சிறிய அட்டை அதனுள்ளே இருந்தது. நான் பார்த்ததை அவர் கவனித்தார். பணப்பையை மூடிவிட்டு, மகளின் கணிதப் புள்ளிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். நானும் கணிதத்தைப் பற்றியே பேசினேன்.

தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள்

இதைப் படிக்கும் தந்தையருக்கு இறுதியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். வாட்ஸ்அப்பில் பளபளக்கும் வாழ்த்துப் படங்கள் நொடிக்கு ஒன்றாக வந்து குவியும் காலம் இது. அவற்றுக்கு நடுவே, வண்ணம் சற்றே கலைந்த, எழுத்து சற்றே சாய்ந்த ஒரு சிறிய அட்டை உங்கள் கைக்கு வரலாம். “சரி, அங்க வை” என்று சொல்லிவிடாதீர்கள். நன்றி சொல்லக் கூச்சமாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டா. “இத எப்படிச் செஞ்ச?” என்று மட்டும் கேளுங்கள். அச்சு எதனால் ஆனது, ஏன் அந்த வடிவம், எத்தனை முறை கறைபட்டு மீண்டும் பதித்தது என உங்கள் பிள்ளை சொல்லத் தொடங்கும். மூன்று நாள் உங்களையே பார்த்துக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்லும்.

ஆசிரியர்களே, அழிப்பான், பஞ்சு, போஸ்டர் வண்ணம், பழைய நாளிதழ் ஆகியவற்றை இப்போதே சேகரிக்கத் தொடங்குங்கள். வெண்டைக்காயை மட்டும் அன்று காலையில் வாங்குங்கள். முதல் நாளே வாங்கினால் வாடிவிடும்.